கம்பர்லேண்ட் தீவின் பிளம் ஆர்ச்சர்ட் மாளிகை: போகும் முன் கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில். வடக்கே முக்கால் மணி நேரம் கார் ஓட்டினால் ஜார்ஜியா மாநிலத்தின் தென்கோடியில் செயின்ட் மேரிஸ் என்ற சின்ன ஊர் வரும். அங்கிருந்து படகில் இன்னொரு முக்கால் மணி நேரம் போனால் கம்பர்லேண்ட் தீவு. பக்கத்தில் இருப்பதால் பலமுறை போய் வந்திருக்கிறேன். அங்கே போகத் திட்டமிடும் நம்மவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அந்தத் தீவில் அப்படி என்ன இருக்கிறது?

சுமார் 28 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு. ஜார்ஜியாவின் கரையோரத் தீவுகளில் இதுதான் பெரியது, தெற்குக் கோடியில் இருப்பதும் இதுதான். பாலம் கிடையாது. கடை, உணவகம், பெட்ரோல் பங்க் எதுவும் கிடையாது. கிழக்கே ஆளரவமற்ற கடற்கரை, மேற்கே உப்புச் சதுப்பு, நடுவில் லைவ் ஓக் காடு. அந்த ஓக் மரங்கள் உயரமாகப் போகாமல் பக்கவாட்டில் கிளை பரப்பி, கிளைகளிலிருந்து சாம்பல் நிறச் சடைபோல ஸ்பானிஷ் பாசி தொங்க நிற்கும். பெயர்தான் பாசி, உண்மையில் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி. இந்தக் காட்டின் நடுவே, ஓர் ஆற்றுக்கழியைப் பார்த்தபடி, வெள்ளைத் தூண்களோடு நிற்கும் மாளிகைதான் பிளம் ஆர்ச்சர்ட். தீவின் பெரும்பகுதியும் இந்த மாளிகையும் இப்போது அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன.

தடுப்புத் தீவு என்கிறார்களே, அது எதைத் தடுக்கிறது?

புயலையும் அலையையும். கரைக்கு இணையாக, கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் மணல் தீவுகளுக்கு அந்தப் பெயர். கடலின் அடியை முதலில் வாங்குவது இவைதான். பின்னால் இருக்கிற சதுப்பும் ஊர்களும் அதனால் தப்பிக்கின்றன. கம்பர்லேண்டின் மையப்பகுதி பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிட உயரமாக இருந்த காலத்தில் படிந்த மணல். கிழக்கு ஓரத்து மணல்மேடுகள் பிற்காலத்தில் வந்து ஒட்டியவை. 2017-இல் இர்மா புயல் தீவின் படகுத்துறைகளை உடைத்துப் போட்டது. இங்கே எதைக் கட்டினாலும் கடலிடம் கேட்டுக்கொண்டுதான் கட்ட வேண்டும்.

மாளிகையைக் கட்டியது யார்?

எஃகு வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த ஆண்ட்ரூ கார்னகியின் பெயர் பலருக்கும் தெரியும். அவருடைய தம்பி தாமஸ் கார்னகி. தாமஸும் அவர் மனைவி லூசியும் 1881-இல் இந்தத் தீவில் நிலம் வாங்கினார்கள். 1884-இல் டஞ்சினெஸ் என்ற பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டில், 1886-இல், தாமஸ் இறந்துவிட்டார். ஒன்பது பிள்ளைகளோடு நின்ற லூசி தீவை விட்டுப் போகவில்லை. மேலும் மேலும் நிலம் வாங்கி, கிட்டத்தட்ட தீவின் பத்தில் ஒன்பது பங்கைத் தன் பெயருக்குக் கொண்டுவந்தார். உல்லாசப் படகு வைத்திருப்பவர்களின் சங்கமான நியூயார்க் யாட் கிளப்பில் உறுப்பினரான முதல் பெண்ணும் இவர்தான். கடலில் போக சொந்தக் கப்பல் வைத்திருந்தார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திருமணமானபோது அவர்களைத் தீவிலேயே நிறுத்திவைக்கத் தனித்தனி வீடு கட்டிக் கொடுத்தார். மகன் ஜார்ஜ் லாடர் கார்னகிக்கும் மருமகள் மார்கரெட்டுக்கும் 1898-இல் கட்டிக் கொடுத்ததுதான் பிளம் ஆர்ச்சர்ட். வரைந்து கொடுத்தது பாஸ்டனைச் சேர்ந்த பீபடி அண்டு ஸ்டெர்ன்ஸ் நிறுவனம். 1906-இல் இன்னும் பெரிதாக்கினார்கள். மொத்தப் பரப்பு இருபதாயிரம் சதுர அடிக்கு மேல். பிள்ளைகள் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும் என்று வீடு கட்டித் தரும் தாய்மார்கள் நம் ஊரிலும் உண்டு; அதனாலோ என்னவோ, இந்த வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜார்ஜைவிட லூசியின் நினைவுதான் வருகிறது.

எப்படிப் போவது?

பூங்காத் துறை அனுமதி பெற்ற பயணிகள் படகு செயின்ட் மேரிஸ் படகுத்துறையிலிருந்து புறப்படுகிறது. இருக்கையை முன்பதிவு செய்யுங்கள். வசந்த காலத்து வார இறுதிகளுக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே இடம் தீர்ந்துவிடும். படகுக் கட்டணம் வேறு, பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு. இரண்டும் கட்ட வேண்டும். படகில் காரை ஏற்ற முடியாது, செல்லப் பிராணிகளுக்கும் அனுமதி இல்லை.

மாளிகைக்குப் போகிறவர்கள் காலையின் முதல் படகைப் பிடியுங்கள். அடுத்த படகில் போனால் கடற்கரையைப் பார்க்கலாம், மாளிகைக்கு நேரம் போதாது. போகும் வழியில் சதுப்புப் புல்வெளிகளைப் பாருங்கள். சில நேரம் டால்ஃபின்கள் படகோடு கூடவே வரும். எதிர்க்கரையில் கிங்ஸ் பே கடற்படைத் தளம் இருப்பதால், அதிர்ஷ்டம் இருந்தால் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று போவதையும் பார்க்கலாம்.

படகு இறங்கியதும் மாளிகை வந்துவிடுமா?

இல்லை. பலர் ஏமாறுவது இங்கேதான். படகு தீவின் தெற்குப் பகுதியில் இரண்டு துறைகளில் நிற்கும்: முதலில் டஞ்சினெஸ், அடுத்து சீ கேம்ப். பிளம் ஆர்ச்சர்ட் சீ கேம்ப்பிலிருந்து வடக்கே ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். நடந்து போய்விட்டு அன்றே மாலைப் படகுக்குத் திரும்புவது நடக்காத காரியம். பழகிய நடையாளிகள்கூட முயல வேண்டாம் என்பேன்.

மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, வேன் சுற்றுலா. ஐந்தாறு மணி நேரம் எடுக்கும். மாளிகையோடு தீவின் வடகோடி வரை கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். இடங்கள் குறைவு, படகுச் சீட்டோடு சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள். இரண்டு, சைக்கிள். தீவில் வாடகைக்குக் கிடைக்கும். கிராண்ட் அவென்யூ என்று பெரிய பெயர், ஆனால் அது ஒரு வண்டி போகும் அளவுக்கான மண்பாதை. சில இடங்களில் சக்கரம் மணலில் புதையும். மொத்தம் 15 மைல் மிதிக்கத் தெம்பு வேண்டும். மூன்றாவது, சொந்தப் படகோ வாடகைப் படகோ இருந்தால் மாளிகையின் துறைக்கே நேராகப் போகலாம்.

என்னைக் கேட்டால் முதல்முறை வேன், இரண்டாம்முறை சைக்கிள். சைக்கிளில் போகும்போது மேலே ஓக் கிளைகள் கூரைபோலப் பின்னியிருக்கும், கீழே பனைக்குடும்பத்துப் புதர்கள் விசிறி விரித்திருக்கும். நம் மூச்சும் சங்கிலிச் சத்தமும் தவிர வேறு ஒலியே இருக்காது. அப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் மிதித்து வந்தபின், மரங்கள் விலகி அந்த வெள்ளை வீடு தெரியும்போது, இதை இவ்வளவு தூரத்தில் ஏன் கட்டினார்கள் என்ற கேள்வி தானாக எழும். வேனில் வந்து இறங்கினால் அந்தக் கேள்வி அவ்வளவு அழுத்தமாக எழாது.

உள்ளே என்ன பார்க்கலாம்?

தன்னார்வலர்கள் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். தனியாகச் சுற்ற முடியாது, அதுவும் நல்லதுக்குத்தான். அவர்களில் சிலர் அங்கேயே தங்கி வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள். ஒவ்வோர் அறைக்கும் கதை தெரியும்.

முன்கூடத்தில் பெரிய கணப்படுப்பு, மரவேலைப்பாடு, ஆமை ஓட்டைப் பதித்துச் செய்த டிஃபனி விளக்குகள். எல்லோரும் அந்த விளக்கைத்தான் படம் எடுப்பார்கள். அப்புறம் வீட்டுக்குள்ளேயே ஒரு நீச்சல் குளம், ஸ்குவாஷ் விளையாடத் தனிக் கூடம். ஐந்து நிமிட நடையில் கழியும் கொஞ்ச தூரத்தில் கடலும் இருக்கிற இடத்தில், வீட்டுக்குள் வெந்நீர்க் குளம்! பணத்தின் அளவு அங்கேதான் புரியும்.

ஆனால் நான் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது வேறு. கூடத்தோடு நின்றுவிடாதீர்கள். சமையலறை, துணி வெளுக்கும் இடம், வேலைக்காரர்களின் அறைகள், நிலவறையில் இருக்கும் கொதிகலன் முதலிய இயந்திரங்கள் என எது எது திறந்திருக்கிறதோ, அத்தனையையும் பாருங்கள். கேள்வி கேளுங்கள். கம்பி எதுவும் வந்து சேராத தீவில் 1898-இல் ஒரு வீடு ஒளியோடும் வெந்நீரோடும் இயங்கியது என்றால், யாரோ ஒருவர் விடிவதற்கு முன் எழுந்து தீ மூட்டியிருக்கிறார். கார்னகி குடும்பத்தின் உச்ச காலத்தில் தீவில் ஏறக்குறைய 200 பேர் வேலை செய்தார்கள். தச்சுப் பட்டறை, பால்பண்ணை, தோட்டம், குதிரை லாயம் என்று ஒரு கிராமமே இயங்கியது. முன்கூடம் விருந்தாளிக்குக் காட்டக் கட்டியது. வீடு எப்படி ஓடியது என்பதைப் பின்கட்டில்தான் பார்க்க முடியும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. ஆனால் முன்யோசனை வேண்டும். வேன் அந்த மண்பாதையில் குலுங்கிக் குலுங்கித்தான் போகும். முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்களுக்கு முழுநாள் சுற்றுலா கஷ்டம். அவர்களுக்கு டஞ்சினெஸ் துறையில் இறங்கி, இடிந்த மாளிகை வரை மெல்ல நடந்து, ஓக் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்புவதே நிறைவான நாளாக இருக்கும். என் அம்மா வந்தபோது அப்படித்தான் செய்தோம். பிளம் ஆர்ச்சர்டைப் பார்க்கவில்லையே என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மரத்தடியில் மேய்ந்த குதிரையும் குட்டியும்தான் ஊருக்குப் போன பிறகும் பேச்சாக இருந்தது. குடையும் மாத்திரைகளும் கையிலேயே இருக்கட்டும். அவசர மருத்துவ உதவி என்றால் படகில்தான் போக வேண்டும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கட்டுச்சோறுதான். புளிசாதம் இந்தப் பயணத்துக்கென்றே பிறந்தது. வெயில் காலத்தில் தயிர்சாதத்தை நம்ப வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது எடுங்கள். சீ கேம்ப், டஞ்சினெஸ் பக்கம் தண்ணீரும் கழிப்பறையும் உண்டு, மாளிகை அருகிலும் கழிப்பறை உண்டு. நடுவழியில் எதுவும் இல்லை. குப்பையைத் திரும்ப உங்கள் பையிலேயே கொண்டுவர வேண்டும், வாழைப்பழத் தோல் உட்பட.

டஞ்சினெஸ் என்பது என்ன? அது ஏன் இடிந்து கிடக்கிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஒரே பெயரில் மூன்று கட்டடங்கள் அடுத்தடுத்து வந்தன.

ஜார்ஜியா குடியேற்றத்தை நிறுவிய ஜேம்ஸ் ஓகில்தோர்ப் 1736-இல் தெற்குக் கோடியில் ஒரு வேட்டைக் குடில் போட்டு அதற்கு டஞ்சினெஸ் என்று பெயர் வைத்தார். அமெரிக்க விடுதலைப் போரின் தளபதி நத்தானியல் கிரீன் இங்கே நிலம் வாங்கினார், வீடு கட்டும் முன்பே 1786-இல் இறந்தார். அவர் மனைவி கேத்தரின், மறுமணத்துக்குப் பின், 1803-இல் நான்கு மாடி வீட்டை எழுப்பினார். அதுதான் இரண்டாவது டஞ்சினெஸ். உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத் தளபதியாக இருந்த ராபர்ட் லீயின் தந்தை ஹென்றி லீ நோயாளியாக வந்து 1818-இல் இறந்ததும் இந்த வீட்டில்தான். அவரை இங்கேயே புதைத்து, 1913-இல் உடலை வர்ஜீனியாவுக்கு எடுத்துப் போனார்கள். உள்நாட்டுப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அந்த வீடு எரிந்தது.

அந்த இடத்தில் கார்னகிகள் கட்டியது மூன்றாவது. ஐம்பத்தொன்பது அறைகள். அதுவும் ஆளில்லாமல் கிடந்து 1959-இல் எரிந்துபோனது. யாரோ கொளுத்தினார்கள் என்பது பரவலான நம்பிக்கை. இன்று நிற்பது செங்கல்லும் கல்லுமான சுவர்களும் புகைபோக்கிகளும் மட்டும். ஜன்னல் இருந்த ஓட்டை வழியே வானம் தெரியும், முற்றத்தில் குதிரைகள் மேயும்.

பிளம் ஆர்ச்சர்டையும் இந்த இடிபாட்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடிந்தால் பாருங்கள். தாய் இருந்த வீடு சுவராக நிற்கிறது, மகனுக்குக் கட்டிக் கொடுத்த வீடு விளக்கோடு நிற்கிறது.

பழைய கட்டடங்களில் சுவர் முழுக்கச் சிப்பி தெரிகிறதே?

அதற்கு டாபி என்று பெயர். சிப்பி ஓடுகளை எரித்துச் சுண்ணாம்பாக்கி, அதில் மணல், தண்ணீர், முழுச் சிப்பிகள் சேர்த்துப் பலகை அச்சுக்குள் கொட்டி இறுக்குவார்கள். கல் கிடைக்காத கரையில் வேறு வழியில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசிய செட்டிநாட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்; நாம் கிளிஞ்சலை நன்றாக எரித்து அரைத்து வழுவழுப்பாக்கினோம், இங்கே சிப்பியை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தச் சிப்பிகளைச் சுமந்தவர்களும் எரித்தவர்களும் இடித்து இறுக்கியவர்களும் பெரும்பாலும் அடிமைகள்.

அடிமைகளா? கார்னகி காலத்திலா?

அதற்கு முன்பு. 1865-க்குப் பின் அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் கார்னகிகள் வாங்கியது வெறும் காட்டை அல்ல, பழைய பருத்தித் தோட்டங்களை. பிளம் ஆர்ச்சர்ட் என்ற பெயரே மாளிகைக்கு முந்தையது. அங்கே பெர்னார்டி என்ற குடும்பத்தின் தோட்டம் இருந்தது. அந்தக் குடும்பத்தின் அடிமையாக இருந்த எலிசபெத், ஸபெட் என்று கூப்பிடப்பட்டவர், பின்னர் தீவின் மிகப்பெரிய நிலக்கிழாரான ராபர்ட் ஸ்டாஃபர்டின் உடைமையானார். அவருக்கு ஸ்டாஃபர்ட் மூலம் ஆறு பிள்ளைகள். தந்தையே அந்தப் பிள்ளைகளை வடக்கே கனெக்டிகட்டுக்கு அனுப்பினார். ஸ்டாஃபர்டின் அடிமைக் குடியிருப்பில் இன்று மிஞ்சியிருப்பது வரிசையாக நிற்கும் புகைபோக்கிகள் மட்டும். மரக் குடிசைகள் போய்விட்டன, அடுப்புகள் நிற்கின்றன.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 1815 தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை இந்தத் தீவைப் பிடித்து டஞ்சினெஸில் தலைமையிடம் அமைத்தது. கப்பலுக்கு வந்து சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார்கள். சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தீவின் வழியாக விடுதலையானவர்களாகப் போனார்கள். பலர் கனடாவின் நோவா ஸ்கோஷியா வரை போய்ச் சேர்ந்தார்கள்.

வேன் சுற்றுலாவில் போகிறவர்கள் வடகோடியில் செட்டில்மென்ட் என்ற இடத்தைப் பார்க்கலாம். விடுதலையான கறுப்பின மக்களும் அவர்கள் பிள்ளைகளும் வாழ்ந்த இடம். 1893-இல் அவர்கள் தொடங்கிய திருச்சபைக்கு 1937-இல் எழுப்பிய சிறிய மரக்கட்டடம் அங்கே இருக்கிறது. மொத்தமே பத்துப் பதினோரு பெஞ்சு போடும் அளவு. 1996-இல் ஜான் எஃப். கென்னடியின் மகன் அங்கே திருமணம் செய்துகொண்டதால் பெயர் பரவியது. திருமணத்துக்காகப் பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் அதைக் கட்டியவர்களுக்காகவும் கொஞ்ச நேரம் உள்ளே உட்காருங்கள்.

குதிரைகளுக்கு ஏதாவது கொடுக்கலாமா?

கூடாது. சுமார் 150 குதிரைகள் தீவில் திரிகின்றன. பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் யாரும் தீனி போடுவதில்லை, வைத்தியம் பார்ப்பதில்லை, முழுக்கக் காட்டுக் குதிரைகள். உதைக்கும், கடிக்கும். குறைந்தது 15 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். ஸ்பானியர்கள் விட்டுப்போனவை என்று ஒரு கதை சொல்வார்கள். இன்றைய குதிரைகள் பிற்காலத்தில் கொண்டுவரப்பட்ட சாதாரண வளர்ப்பு இனங்களின் வழிவந்தவை என்றே மரபணு ஆய்வு காட்டுகிறது. சதுப்புப் புல்லையும் மணல்மேட்டுப் புல்லையும் இவை மேய்வதால் தீவுக்குக் கேடு என்கிற விவாதமும் நடக்கிறது.

எந்த மாதம் நல்லது?

மார்ச், ஏப்ரல். அடுத்தபடியாக நவம்பர் முதல் பிப்ரவரி வரை; குளிர் நம்மால் தாங்கக்கூடியதுதான். கோடையில் புழுக்கமும் கொசுவும் உண்ணியும் படுத்தி எடுக்கும். சாக்ஸுக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு நடக்கப் பழகுங்கள். ஆனால் மே முதல் ஆகஸ்ட் வரை கடலாமைகள் இரவில் கரையேறி முட்டையிடும் காலம். முகாமிட்டுத் தங்குகிறவர்கள் அதற்காகவே வருவார்கள்.

இரவு தங்க முடியுமா?

பிளம் ஆர்ச்சர்டில் முடியாது. லூசி தன் மகளுக்குக் கட்டிய கிரேஃபீல்ட் என்ற இன்னொரு வீடு 1962 முதல் குடும்பத்தார் நடத்தும் விடுதியாக இருக்கிறது, விலை மிக அதிகம். மற்றபடி கூடாரம்தான். சீ கேம்ப் முகாம் துறைக்குப் பக்கம். மாளிகைக்கு அருகே வேண்டும் என்றால் காட்டுக்குள் இருக்கும் யாங்கி பாரடைஸ் என்ற முகாம். மூட்டையைச் சுமந்து ஏழு மைலுக்கு மேல் நடக்க வேண்டும், கிணற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குடிக்க வேண்டும்.

இவ்வளவு அழகான கடற்கரையில் எப்படி ஹோட்டல்கள் வராமல் போயின?

வரத்தான் இருந்தன. தன் பிள்ளைகளில் கடைசியானவர் உயிரோடு இருக்கும்வரை நிலத்தை விற்கக் கூடாது என்ற ஏற்பாட்டை லூசி செய்து வைத்திருந்தார். அவர் இறந்தது 1916-இல், அந்தக் கடைசிப் பிள்ளை இறந்தது 1962-இல். நிலம் வாரிசுகளுக்குப் பிரிந்ததும், தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவை உல்லாச ஊராக மாற்றிய சார்லஸ் ஃப்ரேசர் 1968-இல் இங்கேயும் ஒரு பெரும் பகுதியை வாங்கினார். மற்ற வாரிசுகளும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். 1971-இல் குடும்பத்தார் பிளம் ஆர்ச்சர்டை நன்கொடையாகக் கொடுத்தார்கள், 1972-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தீவு தேசியக் கடற்கரைப் பூங்காவானது. நாளைக்கு 300 பேர் என்ற கணக்கை வைத்துத்தான் பல பத்தாண்டுகளாக இதை நடத்தினார்கள். படகுச் சீட்டு கிடைக்காமல் நீங்கள் எரிச்சல்படும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், நான் நினைத்துக்கொள்வேன்.

கிளிஞ்சல் பொறுக்கலாமா?

உயிர் இல்லாத காலிச் சிப்பிகளையும் சுறாப் பற்களையும் எடுத்துப் போகலாம். சுறாப் பல் கடற்கரையில் மட்டும் அல்ல, பாதையிலேயே கிடைக்கும். கடல்வாய்க்காலைத் தூர்வாரிய மண்ணைப் பாதையில் கொட்டியிருக்கிறார்கள், அதில் வந்தவை. குழந்தைகளுக்கு இதைச் சொல்லிவிட்டால் வேறு பொழுதுபோக்கு தேவைப்படாது. மாளிகைகளைச் சுற்றிக் கிடக்கும் பழைய செங்கல், ஆணி, கண்ணாடி எதையும் தொடக் கூடாது. மணல்மேட்டுப் புல்லைப் பறிப்பதும் குற்றம். மணலைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான்.

மாலைப் படகைத் தவறவிட்டால்?

அடுத்தது மறுநாள்தான். உங்கள் செலவில் தனிப்படகு வரவழைக்க வேண்டியிருக்கும். பல இடங்களில் செல்போன் எடுக்காது. சைக்கிளில் போகிறவர்கள், காலையில் மாளிகைக்குப் போக எவ்வளவு நேரம் பிடித்ததோ அதோடு அரை மணி கூட்டி, அந்தக் கணக்கில் திரும்பக் கிளம்புங்கள். மத்தியான வெயிலுக்குப் பின் கால் காலையில்போல மிதிக்காது, மணலில் ஒருமுறையாவது இறங்கித் தள்ள வேண்டிவரும். சீ கேம்ப் துறைக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிட்டால் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு, ஓக் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து மிச்சமிருக்கும் புளிசாதத்தை முடித்துவிடலாம்.